அண்ணி கற்ற 'ரியா'

நாத்தனார் அண்ணியைப் புகழ்ந்து பேசினால் கேட்பவர்கள் முதலில் சந்தேகப்படுவார்கள். ஏதோ காரியம் ஆக வேண்டியிருக்கிறது என்று நினைப்பார்கள். எனக்கு அப்படி ஒன்றும் இல்லை. நான் பல் டாக்டர் ஒருவரிடம் வரவேற்பு மேசையில் உட்கார்ந்து சம்பாதிக்கிறேன். அண்ணன் வீட்டுக்கு ஒரு மாடி கீழே குடியிருக்கிறேன். அண்ணிக்கும் எனக்கும் ஒரே வயது, ஐம்பத்திரண்டு. அவள் எங்கள் வீட்டுக்கு வந்து முப்பது வருஷம் ஆகிறது. முதல் பத்து வருஷம் நாங்கள் சண்டை போட்டோம். அடுத்த பத்து வருஷம் சண்டை போட இரண்டு பேருக்கும் நேரம் கிடைக்கவில்லை. அதற்குப் பிறகு, போட்ட சண்டையெல்லாம் எதற்கு என்பதே மறந்துபோய்விட்டது.

அண்ணி எட்டாவதோடு படிப்பை நிறுத்தியவள். நகரத்தின் பெரிய ஹோட்டல் ஒன்றில், கீழ்த்தளத்துச் சலவைப் பிரிவில் இருபத்தியொரு வருஷமாக வேலை. இப்போது இஸ்திரிப் பகுதிக்கு அவள்தான் பொறுப்பு. படுக்கை விரிப்புகளுக்கு ஒரு பெரிய உருளை மெஷின் உண்டு. இரண்டு பேர் இரண்டு முனையைப் பிடித்து ஊட்டிவிட்டால் மறுபக்கம் காகிதம் மாதிரி வந்து விழும். விருந்தினர்களின் சட்டைக்கு நீராவி பிரஸ். காலால் மிதியை அழுத்தினால் மேல்பலகை இறங்கி, 'புஸ்' என்று ஆவி கிளம்பும். முதலில் காலர், பிறகு தோள், பிறகு கைமுனை, கை, கடைசியில் உடம்பு. வரிசை மாறினால் முடித்த இடம் மறுபடி கசங்கும். ஒரு சட்டைக்கு அவளுக்கு ஒன்றரை நிமிஷம். அங்கே அவளை எல்லோரும் ஆவியக்கா என்று கூப்பிடுவார்கள். புதிதாகச் சேருகிறவர்கள் பெயரை மட்டும் கேள்விப்பட்டு, முதல் நாள் படியிறங்கும்போது கொஞ்சம் பயத்தோடுதான் இறங்குவார்களாம்.

அவளுக்கு ஒரே பையன். பாலங்கள் கட்டும் கம்பெனியில் இன்ஜினியர். கூட வேலை பார்த்த பெண்ணையே கல்யாணம் செய்துகொண்டான். அந்தப் பெண்ணின் தாய்மொழி போர்த்துகீசியம். கடல் தாண்டிய ஊர். தங்கமான பெண், இரண்டே வருஷத்தில் தட்டுத்தடுமாறித் தமிழ் பேசக் கற்றுக்கொண்டாள். "அத்தே, இன்னைக்கு நான் உங்களை மொறிச்சேன்" என்பாள். முறைத்தேனா, நினைத்தேனா என்று நாங்கள் கொஞ்ச நேரம் குழம்பிவிட்டுச் சிரிப்போம். சிக்கல் அவளிடம் இல்லை, அவளுடைய அம்மாவிடம். சம்பந்தியம்மாவுக்கு அவர்கள் மொழியைத் தவிர வேறு எதுவும் வராது. அங்கே பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவர், கணவர் இல்லை, இந்த ஒரே மகள். கல்யாணத்தின்போது நாலு நாள் இருந்துவிட்டுப் போனார். அந்த நாலு நாளும் அண்ணியும் அவரும் ஒருவரைப் பார்த்து ஒருவர் சிரித்துக்கொண்டே இருந்தார்கள். "கன்னமெல்லாம் வலிக்குது. இன்னும் ரெண்டு நாள் இருந்திருந்தா வாய் கோணிப்போயிருக்கும்" என்றாள் அண்ணி.

மருமகள் உண்டாகியிருக்கிறாள் என்று தெரிந்த வாரத்திலேயே அண்ணி மருந்துக்கடை மாடியில் நடக்கும் போர்த்துகீசிய வகுப்பில் சேர்ந்துவிட்டாள். செவ்வாய், வியாழன், வேலை முடிந்து ஐந்தரை மணிக்கு. சொல்லிக்கொடுப்பது கப்பல் சரக்கு ஆபீஸ் ஒன்றில் வேலை பார்க்கும் இளம்பெண். அண்ணிக்குப் பாதி வயதுதான் இருக்கும். ஆனாலும் அண்ணி வாய் நிறைய "டீச்சர்" என்பாள். நடுவில் எழுந்து போக வேண்டியிருந்தால் கை தூக்கிக் கேட்பாள்.

நான் சிரித்தேன். ஒப்புக்கொள்கிறேன். "இந்த வயசுல நாக்கு வளையுமா அண்ணி? போன்ல தட்டினா அதுவே பேசிட்டுப் போகுது" என்றேன்.

"போன் பேசினா அவங்க போனைத்தான் பார்ப்பாங்க. என்னை எப்ப பார்ப்பாங்க?" என்றாள்.

அண்ணன் பஸ் டிப்போவில் டயர் மாற்றுகிறவன். அவன் பங்குக்கு, "வீட்டுல ஒரு மொழியிலயே என்னால பதில் சொல்ல முடியல. இன்னொண்ணு வேற வருதா?" என்றான். அண்ணி அவனுக்கு அன்றைக்கே போர்த்துகீசியத்தில் ஏதோ சொன்னாள். வசவா, கொஞ்சலா என்று இன்றுவரை அவனுக்குத் தெரியாது.

மூன்றே மாதத்தில் அவள் சின்னச் சின்ன வாக்கியங்கள் பேசினாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை மருமகளின் போனில் சம்பந்தியம்மாவோடு வீடியோவில் பேச்சு. அண்ணி ஒரு வாரமாக மனப்பாடம் செய்து வைத்திருந்ததை நிமிர்ந்து உட்கார்ந்து சொன்னாள். பிரசவத்துக்கு நீங்கள் வாருங்கள், எங்களோடு தங்குங்கள், என் அறையில் படுத்துக்கொள்ளுங்கள் என்பதாக அவள் நினைத்துக்கொண்டு சொன்னது. அந்தப் பக்கம் சம்பந்தியம்மாவின் முகம் மெல்ல மெல்லச் சுருங்கியது. "சரி" என்று ஒரு வார்த்தை மட்டும் சொல்லிவிட்டுப் பேச்சை மாற்றிவிட்டார்.

போனை வைத்த பிறகு மருமகளிடம் அண்ணி கேட்டாள்: "நான் ஏதாவது தப்பா சொல்லிட்டேனா?"

மருமகள் தயங்கினாள். "வார்த்தை எல்லாம் ரைட்டு அத்தே. ஆனா... நீங்க சொன்னது, 'நீ வர்ற, நீ இங்க இருக்குற, நீ அங்க தூங்குற'. போலீஸ் மாதிரி."

அண்ணி தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். முன்பின் தெரியாத ஆளிடம்கூட அதிர்ந்து பேசாதவள், பெண் கொடுத்த சம்பந்தியை அதிகாரம் பண்ணிவிட்டாள்! அன்று முழுக்க அவளுக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

செவ்வாய்க்கிழமை வகுப்பில் இதைச் சொன்னபோது டீச்சருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பிறகு சொல்லியிருக்கிறாள்: "மரியாதையா கேக்கணும்னா அதுக்குத் தனியா ஒரு வடிவம் இருக்கு அக்கா. 'வந்தா நல்லா இருக்கும்', 'விரும்புவீங்களா' அந்த மாதிரி. நடக்காததை, நடந்தா எப்படி இருக்கும்ங்கறதைச் சொல்றதும் அதேதான். ஆனா அது மூணாவது புத்தகத்துல வருது. நாம முதல் புத்தகத்துல இருக்கோம். அடுத்த வருஷம் பார்க்கலாம்."

"என் மருமகளுக்கு இது ஆறாவது மாசம் டீச்சர்," என்றாள் அண்ணி. "அடுத்த வருஷம் வரைக்கும் குழந்தை உள்ளேயே காத்துக்கிட்டு இருக்குமா?"

டீச்சர் மூன்றாவது புத்தகத்தை இரவல் கொடுத்தாள். வகுப்பு முடிந்ததும் கால் மணி நேரம் தனியாகச் சொல்லிக்கொடுக்கவும் ஒப்புக்கொண்டாள்.

அந்த வடிவம் பார்வைக்குச் சுலபம்தான். முழு வினைச்சொல்லை எடுத்து, வாலில் ஒரு 'ஈயா' ஒட்டினால் போதும். 'ஃபலார்' என்றால் பேசுவது. 'ஃபலாரியா' என்றால் பேசுவேன், ஆனால் ஏதாவது ஒன்று இருந்தால், நடந்தால். எல்லாச் சொல்லும் 'ரியா' என்று முடிவதால் அண்ணி அதற்கு ரியா என்றே பெயர் வைத்துவிட்டாள். 'நான்' என்றாலும் 'அம்மா நீங்கள்' என்றாலும் ஒரே வால். அதில் அவளுக்குப் பெரிய நிம்மதி. கொடுப்பதற்கு அவர்கள் சொல் 'தாரியா'. "இதை நான் பொறந்ததுல இருந்தே சொல்லிட்டிருக்கேனே! 'எனக்குக் கொஞ்சம் தாரியா'ன்னு எங்க சித்தி கேட்பாங்க" என்று குதித்தாள். 'வைத்திருப்பேன், இருக்கும்' என்பதற்கு 'தெரியா'. இது அவளைப் படாத பாடு படுத்தியது. டீச்சர் கேள்வி கேட்டு, இவள் சரியான விடையாகத் 'தெரியா' என்றால், பக்கத்திலிருப்பவர்கள் "பாவம், தெரியலையாம்" என்று எடுத்துக்கொடுக்க ஆரம்பித்துவிடுவார்களாம்.

உண்மையான முள் வேறு இடத்தில் இருந்தது. நாம் 'வந்தா தருவேன்' என்கிறோம். நம்முடைய 'ஆ' முதல் வினையில், நிபந்தனையின் மேல் ஒட்டிக்கொள்கிறது. அவர்களுக்கு 'ரியா' இரண்டாவது வினையில் வரவேண்டும். நிபந்தனைக்கு, அதைத் தொடங்கிவைக்கும் 'சே' என்ற சொல்லுக்குப் பின்னால், இன்னொரு முரட்டு வடிவம். அண்ணிக்கு ஐம்பது வருஷத்துப் பழக்கம். அவள் வாய் 'சே' என்றதும் உடனே ரியாவைக் கொண்டுபோய் அதன் பக்கத்தில் வைத்துவிடும். "சே பக்கத்துல ரியா வரக்கூடாது அக்கா. ரெண்டு பேருக்கும் ஆகாது" என்று டீச்சர் நூறு தடவை சொல்லியிருப்பாள்.

"மாமியாரும் மருமகளுமா டீச்சர்?"

"அதுக்கும் மேல."

அவள் படித்த விதத்தைத்தான் நான் சொல்ல வேண்டும். சலவைப் பிரிவில் துணிகளில் குத்த ஒருவகை அடையாளச் சீட்டு உண்டு. தண்ணீரில் போட்டாலும் கிழியாத தாள். சீட்டுக்கு ஒரு வினை என்று எழுதி, ஏப்ரனின் உள்பக்கத்தில் வரிசையாகக் குத்திக்கொண்டாள். மிதியை அழுத்தும்போது ஒரு சொல், ஆவி அடங்கும்போது அதன் ரியா. காலருக்கு 'வருவது', தோளுக்கு 'தங்குவது', கைக்கு 'சொல்வது'. மெஷின் சத்தத்தில் யார் காதிலும் விழாது என்பதால் அவள் பயமில்லாமல் உரக்கக் கத்தினாள். ஆனால் உருளை மெஷினில் நிற்கும் பெண்மணிக்குக் காது கூர்மை. ஒரு நாள் அந்த ரோலர்க்காரி விரிப்பின் மறுமுனையை நீட்டி, "ஆவியக்கா, இதைப் பிடிக்கக் கோஸ்தாரியா?" என்று கேட்டாளாம். கோஸ்தாரியா என்றால் 'விரும்புவீர்களா'. பணம் கட்டாமலே அவளுக்கும் பாதிப் பாடம் வந்துவிட்டது. ஒரு மாதத்தில் இஸ்திரிப் பகுதியே ஒருவரையொருவர் விரும்புவீர்களா, விரும்புவீர்களா என்று கேட்டுக்கொண்டு திரிந்தது.

ஒரு வியாழன் அன்று வகுப்பு முடிந்து வந்தவள் நேராக என் வீட்டுக்குள் நுழைந்தாள். முகம் பளபளத்தது.

"டீச்சர் ஒரு குறுக்கு வழி சொல்லிக்கொடுத்தாங்க. 'சே'யே வேண்டாமாம். 'உங்க இடத்துல'ன்னு ஆரம்பிச்சா போதுமாம். 'நு சேவ் லுகார்'. உங்க இடத்துல நான் இதைச் செய்வேன், உங்க இடத்துல நான் அப்படிச் சொல்வேன். எவ்வளவு அழகா இருக்கு பாரு!"

"என்ன அழகு? இலக்கணம்தானே."

"இல்ல. உங்க இடத்துலன்னு சொல்லணும்னா ஒரு நிமிஷமாவது அந்த இடத்துல போய் நிக்கணும்ல?"

எனக்கு எங்கள் முதல் பத்து வருஷம் நினைவுக்கு வந்தது.

எட்டாவது மாதக் கடைசியில் சம்பந்தியம்மா வந்து இறங்கினார். உயரமான மனுஷி, பஸ் முழுக்கக் கேட்கும் குரல். ஆனால் எங்கள் வீட்டில் அந்தக் குரல் எழும்பவே இல்லை. வீடியோவில் வாங்கிய உத்தரவு மனதில் இருந்திருக்க வேண்டும். அண்ணி காட்டிய அறையில் பெட்டியை வைத்தார், காட்டிய நாற்காலியில் உட்கார்ந்தார், கொடுத்ததைச் சாப்பிட்டார்.

மறுநாள் மாலை அண்ணி அவர் எதிரில் போய் நின்றாள். பள்ளிக்கூடத்தில் செய்யுள் ஒப்பிக்கிறவள் மாதிரி இரண்டு கையும் பக்கவாட்டில் விறைத்திருந்தன. என்னோடு கொஞ்சம் நடந்து வர விரும்புவீர்களா என்று ரியா போட்டுக் கேட்டாள்.

சம்பந்தியம்மா நிமிர்ந்து பார்த்தார். ஒரு நொடி கழித்து, "கோஸ்தாரியா" என்றார்.

நம்மைப் போலவே அவர்களும் 'ஆமாம்' என்பதற்குப் பதில் வினைச்சொல்லையே திருப்பிச் சொல்வார்களாம். 'வருவீங்களா' என்றால் 'வருவேன்'. அண்ணிக்கு அது இலக்கணப் புத்தகத்தில் படித்த விஷயம்தான். ஆனாலும் நேரில் கேட்டதும் செருப்பை மாற்றிப் போட்டுக்கொண்டு படியிறங்கிவிட்டாள். இரண்டு பேரும் தெருமுனைப் பூங்காவை மூன்று சுற்றுச் சுற்றிவிட்டு வந்தார்கள். என்ன பேசினார்கள் என்று கேட்டேன். "மரம், நாய், பெஞ்சு" என்றாள் அண்ணி. "எனக்குத் தெரிஞ்சதையெல்லாம் காட்டிக் காட்டிப் பேர் சொன்னேன். அவங்க திருத்தினாங்க."

அதற்குப் பத்து நாள் கழித்து அது நடந்தது. குறித்த தேதிக்கு இன்னும் மூன்று வாரம் இருந்தது. பையன் நாலு மணி நேரப் பயணத் தூரத்தில் பாலம் கட்டும் இடத்துக்குப் போயிருந்தான். காலை ஒன்பது மணிக்கு மருமகள் குளியலறையிலிருந்து சுவரைப் பிடித்துக்கொண்டு வந்தாள், தரையில் ரத்தம். நான் ஆம்புலன்ஸுக்குப் போன் செய்தேன். அண்ணி அவளைத் தாங்கிப் பிடித்தாள். சம்பந்தியம்மா அவள் கையை விடவே இல்லை. ஆஸ்பத்திரி வாசலில்தான் நர்ஸுகள் அந்தக் கையைப் பிரித்தார்கள்.

ஆபரேஷன் அறைக்கு வெளியே நீளமான தாழ்வாரம், சுவரோடு பதித்த பச்சை நாற்காலிகள். மூன்று பேரும் உட்கார்ந்தோம். இரண்டு மொழியும் தெரிந்த ஒரே ஆள் கதவுக்கு உள்ளே மயக்கத்தில் இருந்தாள். பையன் பஸ்ஸில் வந்துகொண்டிருந்தான். போனில் சிக்னல் விட்டு விட்டு வந்தது.

முக்கால் மணி நேரத்தில் டாக்டரம்மா வெளியே வந்தார். "குழந்தையை எடுத்தாச்சு. பெண் குழந்தை, நல்லா இருக்கு. ஆனா அம்மாவுக்கு ரத்தப்போக்கு இன்னும் நிக்கல. மருந்து கொடுத்திருக்கோம், மத்த வழியெல்லாம் பார்த்துட்டிருக்கோம். எதுவுமே கேக்கலேன்னா கர்ப்பப்பையை எடுக்க வேண்டி வரலாம். அதுக்கு இன்னும் வரல. சொல்லி வைக்கிறேன்." சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

சம்பந்தியம்மா எங்கள் முகத்தை மாற்றி மாற்றிப் பார்த்தார். பக்கத்தில் நின்ற நர்ஸுக்குப் பாவமாக இருந்திருக்கும். போனை எடுத்து, டாக்டர் சொன்னதைச் சுருக்கமாக அதில் பேசி, மொழிபெயர்ப்புப் பொத்தானைத் தட்டினாள். போன் கணீரென்று ஒரு வாக்கியம் சொன்னது. சுருக்கியபோது 'கேக்கலேன்னா' எங்கோ உதிர்ந்துவிட்டது. கர்ப்பப்பையை எடுக்கிறார்கள் என்று மட்டும் போன் சொன்னது.

நான் அந்த மாதிரி ஒரு சத்தத்தைக் கேட்டதில்லை. சம்பந்தியம்மா எழுந்து கதவை நோக்கி ஓடினார். காவலாளி குறுக்கே வந்தார். அந்த உயரமான மனுஷி அவரைத் தள்ளிக்கொண்டு போக, நர்ஸ் பதறிப்போய்த் தமிழில் சமாதானம் சொல்ல, நான் கைப்பையை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றேன். எதற்கு அணைத்தேன் என்று தெரியாது.

அண்ணி நடந்து போய் சம்பந்தியம்மாவின் இரண்டு தோளையும் பிடித்தாள். உருளை மெஷின் சத்தத்துக்கு மேலே பேசிப் பழகிய குரல் அவளுக்கு. அன்றைக்கு அது உதவியது.

"நாவ்!" என்றாள். இல்லை. "நாவ் தீராவ்." எடுக்கவில்லை. பிறகு ஒவ்வோர் எழுத்தாக, "திரரீயாவ்" என்றாள். 'அவர்கள்' என்று வந்தால் ரியா 'ரீயாவ்' ஆகிவிடும்.

எடுக்கிறார்கள் என்பதற்கும் எடுப்பார்கள், ஆனால் ஒன்று நடந்தால்தான் என்பதற்கும் நடுவில் அந்த வால் மட்டும்தான் இருந்தது. சம்பந்தியம்மா காவலாளியைத் தள்ளுவதை நிறுத்திவிட்டு அவளைப் பார்த்தார். அண்ணி மறுபடியும் சொன்னாள். ரத்தம் நிற்கவில்லை என்றால், 'சே', எடுப்பார்கள். நின்றால் எடுக்கமாட்டார்கள். ஒரு கையை மூடி ரத்தம் என்றாள், விரித்தாள், மறு கையால் தடுத்து நிறுத்திக் காட்டினாள். இப்போது மருந்து கொடுக்கிறார்கள். குழந்தை நன்றாக இருக்கிறது. பெண். இதையெல்லாம் முதல் புத்தகத்துச் சொற்களை வைத்தே சொல்லி முடித்தாள்.

"திரரீயாவ்?" என்று சம்பந்தியம்மா திருப்பிக் கேட்டார். கேள்வியாக.

"திரரீயாவ்," என்றாள் அண்ணி. பதிலாக.

காவலாளி விலகிக்கொண்டார். சம்பந்தியம்மா நாற்காலியில் விழுந்தார். ஏதோ சொன்னார், தன்மேலேயே வெட்கப்படுகிற மாதிரி, முகத்தை மூடிக்கொண்டு. அண்ணி அவர் பக்கத்தில் உட்கார்ந்து, நிதானமாக, ஒரு தப்பும் இல்லாமல் ஒரு வாக்கியம் சொன்னாள். "நு சேவ் லுகார், ஏவ் தம்பேய்ன் தெரியா மேதூ."

உங்க இடத்துல இருந்தா எனக்கும் பயமாத்தான் இருக்கும்.

சம்பந்தியம்மா அண்ணியின் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். பிறகு பேசத் தொடங்கினார். அணை திறந்த மாதிரி, நிறுத்தாமல், முக்கால் மணி நேரம். அண்ணிக்கு நாலில் ஒரு வார்த்தை புரிந்திருந்தால் அதிகம். ஆனாலும் ஒரு நொடிகூட அவள் பார்வை அந்த முகத்தைவிட்டு விலகவில்லை. நடுநடுவே 'சிம்' என்றாள். ஆமாம் என்பதற்கு அவர்களிடம் ஒரு சொல் இருக்கத்தான் இருக்கிறது.

டாக்டரம்மா மறுபடி வந்தபோது முகக்கவசத்தைக் கழற்றியிருந்தார். அதைப் பார்த்ததுமே எனக்குப் பாதி உயிர் வந்துவிட்டது. "நின்னுடுச்சு. கர்ப்பப்பைக்கு ஒண்ணும் ஆகல. இன்னும் ரெண்டு மணி நேரத்துல பார்க்கலாம்."

அண்ணி சம்பந்தியம்மா பக்கம் திரும்பினாள். ரத்தம் நின்றது, எடுக்கவில்லை என்றாள். நேரான இறந்தகாலம். அதில் ஒரு ரியாவும் இல்லை. அதுவரை ஒரு சொட்டுக் கண்ணீர் விடாதவள், சொல்லி முடித்த பிறகுதான் அழுதாள். சம்பந்தியம்மா அவளைத் தேற்றினார். எந்த மொழியில் என்று நான் கவனிக்கவில்லை.

மூன்று நாள் கழித்து மருமகள் கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்து இந்தக் கதையைத் தன் அம்மா வாயால் கேட்டாள். கேட்டுவிட்டு வயிற்றுத் தையலைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "அத்தே, அந்த இடத்துல ரியாவே வரக்கூடாது. நிஜமா நடக்கக்கூடியதுக்கு வேற மாதிரி சொல்லணும். எங்க ஊர் வாத்தியாரா இருந்தா உங்களுக்கு ஃபெயில்தான்."

அண்ணியின் முகம் விழுந்தது. "தப்பா சொன்னேனா? டீச்சர்கிட்ட எப்படிச் சொல்வேன்?"

மருமகள் சிரிப்பை நிறுத்திவிட்டு அவள் கையைப் பிடித்தாள். "அம்மா சொன்னாங்க, அவங்க வாழ்க்கையில கேட்ட ரொம்ப நல்ல தப்பு அதுதானாம்."

சம்பந்தியம்மா மூன்று மாதம் இருந்தார். அவருடைய உண்மையான குரல் மெல்ல வெளியே வந்தது. கீழ் வீட்டிலிருந்தே எனக்குக் கேட்டது. அண்ணனுக்கு டயரைப் பற்றிப் பேச ஒரு துணை கிடைத்தது. இரண்டு பேருக்கும் பொதுமொழி கிடையாது. ஆனால் தேய்ந்த டயரைக் காட்டினால் இருவரும் ஒரே மாதிரி உச்சுக்கொட்டுவார்கள்.

ஒரு ஞாயிறு மதியம். குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. மருமகள் துணி மடித்துக்கொண்டிருந்தாள், நான் காய் நறுக்கிக்கொண்டிருந்தேன். சம்பந்தியம்மா அண்ணியிடம் ஏதோ கேட்டார். அண்ணி புரியாமல் மருமகளைப் பார்த்தாள்.

"வாழ்க்கை வேற மாதிரி இருந்திருந்தா என்ன செய்வீங்கன்னு கேக்கறாங்க அத்தே. எது வேணா செய்யலாம்னா என்ன செய்வீங்க? அம்மா பெரிய லாரி ஓட்டுவாங்களாம். மூணு நாடு தாண்டி. பள்ளிக்கூடப் பிள்ளைங்க சத்தம் இல்லாம."

நான் நறுக்குவதை நிறுத்திவிட்டேன். முப்பது வருஷத்தில் இந்தக் கேள்வியை நான் அண்ணியிடம் கேட்டதில்லை. அண்ணன் கேட்டதில்லை. பிள்ளை கேட்டதில்லை. கேட்க வேண்டும் என்றே யாருக்கும் தோன்றவில்லை. அவர்கள் மொழியில் ஐந்நூறு வார்த்தைகூடத் தெரியாதவளிடம், அதே மொழியில் ஒருவர் கேட்கிறார்.

டீச்சராக ஆவேன், டாக்டராக ஆவேன் என்று ஏதாவது சொல்வாள் என்று நினைத்தேன். அண்ணி கொஞ்ச நேரம் யோசித்தாள். பிறகு ஒவ்வொரு சொல்லாகத் தேடி எடுத்து அடுக்கினாள். சம்பந்தியம்மா தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டார்.

"என்ன சொன்னீங்க அண்ணி?"

"இதே வேலைதான் செய்வேன்னேன். எனக்கு இந்த வேலை பிடிக்கும். கசங்கி வந்தது நேராப் போகுது பாரு, அது. ஆனா ஜன்னல் இருக்கிற ரூம்ல செய்வேன்னேன்."

நான் அவளுடைய சலவைப் பிரிவுக்கு எத்தனையோ தடவை போயிருக்கிறேன். அங்கே ஜன்னல் இல்லை என்பதை அன்றைக்குத்தான் கவனித்தேன், அவள் வீட்டுச் சமையலறையில் உட்கார்ந்துகொண்டு.

இதைச் சொன்னதோடு அவள் விட்டுவிடவில்லை. அடுத்த வாரமே ஹோட்டல் மேனேஜரைப் போய்ப் பார்த்தாள். சட்டை பிரஸ் இரண்டையும் மேலே, சரக்கு இறக்கும் வாசலுக்குப் பக்கத்து அறைக்கு மாற்றினால் நன்றாக இருக்கும் என்றாள். மேனேஜர் குழாய் இழுப்பது கஷ்டம் என்றார். இரண்டு வாரம் கழித்து மறுபடி போனாள். எந்தக் குழாய், எத்தனை அடி என்று பராமரிப்புக்காரரிடம் கேட்டு ஒரு தாளில் எழுதிக்கொண்டு மூன்றாவது தடவை போனாள். "உங்க இடத்துல இருந்தா நானும் யோசிப்பேன் சார். ஆனா அந்த அறை சும்மாதானே கிடக்கு?" என்றாளாம். நாலாவது தடவை போக வேண்டியிருக்கவில்லை.

போன மாதம் அவளுக்குச் சாப்பாட்டு டப்பா கொடுக்கப் போனேன். கீழே போகும் படியில் கால் வைத்த பிறகுதான் நினைவு வந்து மேலே திரும்பினேன். பெரிய ஜன்னல், சரக்கு வண்டிகள் வந்து நிற்கும் முற்றமும் அதற்கு அப்பால் ஒரு மதிலும் தெரிகின்றன, அவ்வளவுதான். காலை வெயில் பிரஸ் பலகையின் மேல் குறுக்காக விழுந்திருந்தது. அண்ணி ஒரு வெள்ளைச் சட்டையின் கைமுனையை வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வா, வா. இங்க வந்ததுல இருந்து பழைய கறையெல்லாம் கண்ணுக்குத் தெரியுது. இத்தனை வருஷமா இதையெல்லாம் சுத்தம்னு அனுப்பியிருக்கேன் பாரு" என்று சொல்லிவிட்டு, சட்டையைத் திரும்ப வெளுக்கும் கூடையில் போட்டாள்.